விறகு காயும் கோடை

ஜூலை மாதத்து வெயிலில் நின்றுகொண்டு அடுப்பை நினைத்து ஏங்குகிறவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று விமலேஸ்வரிக்குச் சிரிப்பாக வந்தது. நோர்வேயின் வடக்குக் கரையில், மரம்கூட வளரத் தயங்குகிற அந்த மீன்பிடி ஊரில், கோடையில் சூரியன் மறைவதில்லை. கடல் விளிம்புவரை இறங்கி, தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஏறும். ஊர்ச்சனம் வருசம் முழுக்க அதற்காகத்தான் காத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுக் கிழவர் வெறும் மேலோடு புல் வெட்டுவார், ஆட்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார்கள். அவளுக்கோ அந்த வெளிச்சம் வந்த இடத்தில் எழும்பிப் போகத் தெரியாத விருந்தாளி. யன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டாலும் ஓரத்தால் எட்டிப் பார்க்கும், இவ்வளவு நாளும் என்ன செய்தாய், என்ன செய்தாய் என்று கேட்கும். ஐப்பசி பிறந்து முதல் இருட்டு வரட்டும், மலைக்கு அங்கால் சூரியன் போய் ஒளிக்கட்டும், பிறகு வீடு சுருங்கிச் சுருங்கி அந்த இரும்பு அடுப்பைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு வந்துவிடும். பேர்ச் மரத்துப் பட்டையில் நெருப்புக் குச்சியை வைத்தால் அது எண்ணெய் பட்டதுபோல ஸ்ஸ் என்று பிடிக்கும். அவள் அடுப்பின் மேல் தோடம்பழத் தோலை வைப்பாள். அது சுருண்டு, புருசன் இருக்கிற இடம்வரை மணக்கும். அவர் யன்னலோரம் இருப்பார். ஒரு பேச்சும் கதையும் இருக்காது. கதை இல்லாத அந்த நேரத்தைத்தான் அவள் இந்த வெயிலில் நின்று, விறகுக் கட்டையை மூக்கில் வைத்து மணந்து மணந்து தேடிக்கொண்டிருந்தாள். பச்சை மரத்தின் மணம் வேறு, புளிச்ச பால் மாதிரி. ஐப்பசிக்குள் அது போய்விடும்.

அவர் கொத்தினார், அவள் அடுக்கினாள். குலநாயகம் மீன் கொம்பனியில் இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து கோடை முழுக்க அவருக்கு இதுதான் வேலை. கட்டையை நிறுத்துவார், ஒருமுறை தடவிப் பார்ப்பார், வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் கோடாலி எழும்பும். பட்டை மேலே பார்க்கவேண்டும், இரண்டு கட்டைக்கு நடுவில் காற்றுப் போகவேண்டும், நிலத்தில் ஒன்றும் முட்டக்கூடாது. இதையெல்லாம் இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் கோபமாகவே சொல்லித் தந்திருக்கிறார். மற்றப்படி கோபமே வராத மனுசன். இந்த வருசம் விறகு லொறி இரண்டுதரம் வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தது. வேலியோரம் நிறைந்து, கொட்டிலின் பின்பக்கம் நிறைந்து, இப்போது குசினி யன்னலுக்குக் கீழேயும் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கும் ஆசைதான், வாயால் சொல்லமாட்டார் என்று அவள் நினைத்தாள். நினைத்த சந்தோசத்தில்தான் அதைச் சொன்னாள்.

"வாற வின்ரர்க் குளிருக்கு அந்தப் பெரிய கதிரையை அடுப்புக்குக் கிட்டப் போடுவம். யன்னலடியில ஏன் போய் இருக்கிறியள்? முழங்காலுக்குச் சூடு பிடிச்சா நல்லது."

அவர் கோடாலியை இறக்கினார். கட்டை இரண்டாகி விழுந்தது.

"வாற வின்ரருக்கு நான் இஞ்ச நிக்கமாட்டன், விமலா" என்றார்.

உப்பு முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தித் தடவிப் பார்த்தார். அவள் கையில் இருந்த இரண்டு பாதிகளையும் அடுக்கில் வைத்தாள். பட்டை மேலே பார்க்க வைத்தாள். காற்றுப் போக இடம் விட்டாள். கை அதன்பாட்டில் வேலை செய்தது. அந்த வசனம் காதுக்குள் போகாமல் காதின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. நிக்கமாட்டன். இஞ்ச நிக்கமாட்டன். இஞ்ச என்றால் இந்த வீட்டில், இந்த ஊரில், இந்த... சித்திரையில் அவர் தனியே பஸ் ஏறி டொக்ரரிடம் போய் வந்தார். முழங்கால் என்றார். முழங்காலுக்கு அவ்வளவு நேரமா? வந்து ஒன்றும் சாப்பிடாமல் படுத்தார். போன கிழமை பெல்ட்டுக்குச் சுத்தியலும் ஆணியும் வைத்துப் புது ஓட்டை போட்டதை அவள் கண்ணால் கண்டவள். மெலிஞ்சு போனியள் என்று பகிடி பண்ணினாள். பகிடி. கொம்பனியில் அவளுக்குப் பக்கத்து மேசையில் மீன் வெட்டிய எல்சாவும் இப்படித்தான், அடுத்த வருசம் நான் இல்லை என்று கோப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள், எல்லோரும் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்கள். எல்சாவின் கண்முழி மஞ்சளாக இருந்தது. இவருடைய கண்முழி எப்படி இருக்கிறது? பார்க்கவேண்டும். பார்க்கக் கழுத்துத் திரும்பவில்லை. உள்ளங்கையில் ஒரு சிராய் ஏறியிருந்தது, எப்போது ஏறியதென்று தெரியவில்லை. வயிறா, நெஞ்சா, இரத்தமா? எது என்று கேட்டால் அது உண்மையாகிவிடும். கேட்காமல் இந்த வரிசை முடியும்வரை அடுக்கிக்கொண்டிருந்தால், வரிசை முடியும்வரையாவது அவர் சுகமாக இருப்பார். கடற்காகம் ஒன்று கூரையில் இருந்து சண்டைக்காரி மாதிரிக் கத்தியது. வெயில் பிடரியில் நின்றது. இவ்வளவு வெளிச்சத்தில் இப்படி ஒரு விசயத்தை ஆர் சொல்லுவார்கள், இருட்டின பிறகு அடுப்படியில் வைத்தல்லவா சொல்லவேணும் என்று நினைத்தாள். நினைத்த பிறகு அந்த நினைப்பையே வெறுத்தாள்.

"டொக்ரர் என்ன சொன்னவர்?" அவளுக்கே தன் குரல் அயலவருடைய குரலாகக் கேட்டது.

"எந்த டொக்ரர்?"

"சித்திரையில போனியளே."

"முழங்காலோ? தேய்மானமாம். நடக்கச் சொன்னவர்."

"வேற?"

அவர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கோடாலியைக் கொத்துக்கட்டையில் குத்திவிட்டு நிமிர்ந்தார். "எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல, விமலா. நான் ஊருக்குப் போகப்போறன். அக்காவோட போய் இருக்கப்போறன்."

அவள் அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். வருத்தம் இல்லை. கண்முழி வெள்ளையாகத்தான் இருந்தது. பிள்ளையாரே என்று வாய்க்குள் சொன்னாள். அந்தச் சொல் முடிவதற்குள் இரண்டாவது அடி விழுந்தது. வருத்தம் இல்லாமல் ஒருவர் போவதா? நோய் வந்து கொண்டுபோனால் ஆஸ்பத்திரிக் கதவில் நின்று அழலாம், கடவுளோடு சண்டை பிடிக்கலாம், சனம் வந்து கையைப் பிடிக்கும். இது, தன் காலால், தேய்ந்த முழங்காலால், நடந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு... நோயாகவே இருந்திருக்கலாம். அப்படி ஒரு நினைப்பு, முழு வசனமாக, அவளுடைய குரலிலேயே அவளுக்குள் ஓடியது. அவள் திடுக்கிட்டு வாயைப் பொத்தினாள், சத்தமாகச் சொல்லிவிட்டவள்போல. ஆர் நினைத்தது அதை? இவ்வளவு காலமும் இந்த உடம்புக்குள் இப்படி ஒருத்தி எங்கே இருந்தாள்? அவர் காதில் ஒன்றும் விழவில்லை, விழுந்திருக்க முடியாது, ஆனாலும் அவரைப் பார்க்கக் கூசி அவள் விறகைப் பார்த்தாள். வேலியோரம், கொட்டில் பின்பக்கம், குசினி யன்னலுக்குக் கீழே. இரண்டு லொறி. அவருக்கும் ஆசை என்று நினைத்தாளே. போகிறவர் எதற்கு இவ்வளவு விறகு கொத்தினார்? கேள்வி எழுந்த மாதிரியே பதிலும் எழுந்தது. அவள் அந்தப் பதிலை அங்கேயே அமுக்கி வைத்திருக்கப் பார்த்தாள்.

"இவ்வளவும் எனக்கோ?"

"மூண்டு வின்ரருக்குக் காணும்" என்றார். "யன்னலடியில கிடக்கிறதை முதல் எடுத்து எரியும். கொட்டிலுக்குப் பின்னால உள்ளது பச்சை, அடுத்த வரியந்தான் தொடவேணும். பிறகு அந்த லொறிக்காரப் பெடியன்ர நம்பரை ஆரணியின்ர போனில போட்டுவிட்டிருக்கிறன்."

ஆரணி அவர்களின் மகள், ஒஸ்லோவில் இருக்கிறாள். அப்படியென்றால் மகளுக்கும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் வழமைக்கு மாறாக, அம்மா நீங்கள் சாப்பிட்டீங்களா, நித்திரை கொண்டீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், பேரப்பிள்ளையைக் கொண்டு கதைக்க வைத்தாள். விமலேஸ்வரியும் ஒன்றும் விளங்காமல், வாற வின்ரருக்கு வாங்கோ, அடுப்பில உருளைக்கிழங்கு சுட்டுத் தாறன் என்று சொன்னாள். மறுபக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தாள். எல்லோரும் தெரிந்துகொண்டு நின்றிருக்கிறார்கள், தான் மட்டும் விறகை மணந்துகொண்டு. அவமானம் காதுவரை ஏறியது. அது போகட்டும், அங்கே ஆர் இருக்கிறார்கள் இவருக்கு? அக்காவுக்குக் காது கேட்காது. வீட்டுக்குப் பாதிக் கூரைதான். ஒருதரம் போய் வந்தார்களே, சண்டை நின்று சமாதானம் என்று சொன்ன காலத்தில். அவளுடைய ஊர் ஆமியின் கம்பிவேலிக்கு உள்ளே போயிருந்தது, பார்க்கவும் விடவில்லை. அவருடைய ஊரில் அவர் வீட்டின் பின்வளவுக்குள் தனியே போய் வெகுநேரம் நின்றார். ஒண்டுக்கு இருக்கப் போனார் என்று அக்கா சொன்னா. எவ்வளவு நேரம் ஒண்டுக்கு?

"அக்காவுக்காகவோ போறியள்?"

"இல்ல."

அவர் கோடாலியைப் பிடுங்கி ஓரமாகச் சாத்திவிட்டுக் கொத்துக்கட்டையில் இருந்தார். கையுறைகளைக் கழற்றி முழங்காலில் வைத்தார். இருந்தபின் மனுசன் சின்னதாகத் தெரிந்தார்.

"என்ர ஐயா எப்பிடிச் செத்தவர் எண்டு உமக்கு என்ன சொன்னனான்?"

"மூச்சு முட்டு வருத்தம். எல்லாம் முறையாச் செய்தது எண்டு சொன்னியள்."

"வருத்தம் சரி. மற்றது பொய்."

அவர் சொன்னதை அவள் பிறகு எத்தனையோ தரம் மனதில் அடுக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில் தட்டுப்பட்டது. அது மாரிகாலம். ஷெல் விழத் தொடங்க ஊர் முழுக்க எழும்பிப் போய்விட்டது. எழும்ப ஏலாத தகப்பனோடு அவரும் அக்காவும் மட்டும் மிஞ்சினார்கள். ஐயா மூன்றாம் நாள் போனார். சுடலைக்குக் கொண்டுபோகத் தெருவில் தலை காட்ட முடியாது. பறையுமில்லை, ஐயருமில்லை, தூக்க நாலு பேருமில்லை. பின்வளவில் கிணற்றுக்கு அங்கால் ஓரிடம் பார்த்தார். விறகெல்லாம் மழையில் ஊறிக் கிடந்தது. கதவைக் கழற்றினார். யன்னல் நிலையை, அலுமாரியை, கட்டில் சட்டத்தை. "மேல தகரம் பிடிச்சும் பார்த்தன். பத்தேல்ல. பிடிக்கிறதும் நூருறதும். விடியக் கொள்ளி வைச்சது, பொழுதுபட்டும் முடியேல்ல. நான் பக்கத்தில இருந்து ஒண்டொண்டாத் தள்ளிக்கொண்டே இருந்தன்" என்றார். பிறகு, "விறகு காஞ்சிருந்தா அவ்வளவு நேரம் பார்த்திருக்கத் தேவையில்லை" என்றார். கண் கலங்கவில்லை. பச்சைக் கட்டை ஒன்றைக் காலால் மெல்லத் தள்ளி மற்றதிலிருந்து விலக்கி வைத்தார்.

விமலேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். பட்டை மேலே பார்க்கவேணும், காற்றுப் போகவேணும், நிலத்தில் முட்டக்கூடாது. அந்தக் கோபம். வேறு எதிலும் வராத அந்தக் கோபம். அவள் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்து, வருகிற போகிற சனத்துக்கெல்லாம், எங்கட இவர்ர விறகு மாதிரி இந்த ஊரிலயே இல்லை, காகிதம் மாதிரிப் பத்தும் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். அவர் யன்னலோரம் இருப்பார். சூடு பிடிக்காது என்பார். யன்னலை விரலளவு திறந்து வைப்பார், குளிர் வருது என்று அவள் போய்ச் சாத்துவாள், அவர் திரும்பத் திறப்பார், அதில் ஒரு விளையாட்டு இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் படுக்க முன் சேட்டைக் கழற்றித் தோய்ப்பார். மீன் மணம் என்று நினைத்தாள். கொம்பனியை விட்ட பிறகும் தோய்த்தாரே, அப்போது என்ன நினைத்தாள்? பழக்கம் என்று நினைத்தாள். விறகை வாசல்வரை கொண்டுவந்து வைப்பார், ஒருநாளும் அடுப்புக்குள் ஒரு கட்டை வைத்ததில்லை. மூட்டினது முழுக்க அவள். ஒவ்வொரு பின்னேரமும், ஒவ்வொரு மாரியும், ஒவ்வொரு வருசமும், அந்த மனுசனை முன்னால் இருத்தி வைத்து அவள் மூட்டினாள். ஒண்டொண்டாத் தள்ளினாள். தள்ளிவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? கோடை முழுக்க வெயிலைத் தின்று காத்திருந்து அவள் போய்ச் சேருகிற அந்தப் பாய் அகல இடத்தில் அவர் ஒருநாளும் இருக்கவில்லையா? அவள் தனியேதான் இருந்தாளா? கை மணந்தது, பேர்ச் மரம், புளிச்ச பால்.

"ஒருநாளும் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டாள். அழுகை வராமல் இருந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

அவர் யோசித்தார். பொய் சொல்லப் போகிறார் என்று பார்த்தாள். "தோடம்பழத் தோல் வைப்பீர். அது பிடிக்கும்" என்றார்.

"சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைத் தொட்டிருக்கமாட்டன்."

"தெரியும். அதுதான் சொல்லேல்ல." அவர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். "வந்த முதல் வரியம் நீர் ஒருநாளும் சிரிக்கேல்ல. மீன் மேசையில நிண்டுபோட்டு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பீர். நான் பயந்திட்டன். பிறகுதானே இந்த வீட்டுக்கு வந்து அந்த அடுப்பு. அண்டைக்கு நீர் மூட்டிப்போட்டு என்னைத் திரும்பிப் பார்த்தீர். நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவள் பாய்ந்துபோய்ச் சொன்னாள், மூச்சு முட்டச் சொன்னாள், அடுப்பைத் தூக்கி எறிவம், நாளைக்கே எறிவம், கரண்ட் ஹீற்றர் போடுவம், இந்த விறகு முழுக்கப் பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் குடுப்பம். சொல்லச் சொல்ல அவளுக்கு அது சரியான வழியாகவே பட்டது. அவ்வளவு சின்ன விசயம். ஒரு இரும்புப் பெட்டி. இதற்காகவா ஒரு மனுசன் கடல் தாண்டிப் போவது?

"அடுப்பால இல்ல, விமலா. அந்த இடத்தில இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு விளக்கு வைக்கேல்ல. அண்டைக்குப் போய்ப் பார்த்தன், ஒரு அடையாளமும் இல்ல. எந்த இடம் எண்டு அக்காவுக்கும் தெரியாது. அவ உள்ளுக்க கதவில்லாத அறையில இருந்தவ. எனக்கு மட்டுந்தான் தெரியும். எனக்கு நடக்கேலும் மட்டுக்காவது அங்க நிக்கவேணும்."

"பிறகு?"

"பிறகைப் பற்றி நினைக்கேல்ல."

"என்னை வாவெண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லையே நீங்கள்."

"கேட்டா நீர் வந்திடுவீர்" என்றார். "வந்து அந்த வெயிலில இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் இஞ்சத்தை இருட்டைத் தேடுவீர். வாயால சொல்லமாட்டீர். ஒராள் சொல்லாமல் இருந்தது காணும்."

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நான் வருவன், தேடமாட்டன், எனக்கு என்ன இருட்டும் குளிரும் என்று சொல்லவேண்டும். வாய் திறந்தபடி நின்றது. அவளுக்குள் அந்த மற்றவள், நோயாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்த அவள், இப்போது வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: ஐப்பசி வரும், முதல் இருட்டு வரும், நீ இங்கேதான் நிற்பாய். அது உண்மை என்று தெரிந்தபோது வந்த அதிர்ச்சி அவர் சொன்ன எதனாலும் வரவில்லை. அவரில்லாத ஒரு அறையைக் கண் முன்னால் கண்டாள், அந்த அறையில் தன்னையும் கண்டாள். அந்தப் பெண் இருந்தாள். இடிந்துபோய்த்தான் இருந்தாள், ஆனால் இருந்தாள். இதை அவர் தனக்கு முன்பே கண்டிருக்கிறார். கண்டுதான் இரண்டு லொறி விறகு இறக்கினார். அவள் வாயை மூடினாள். அவர் தலையாட்டினார், பதில் கிடைத்துவிட்டது என்பதுபோல. அதில் அவள் மேல் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

கடல் பக்கமிருந்து முகில் ஏறியது. இந்த ஊரில் மழை சொல்லிக்கொண்டு வராது. முதல் துளி பச்சைக் கட்டையின் வெட்டு முகத்தில் விழுந்து கறுப்பாகப் பரவியதைக் கண்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். அவர் கொட்டிலுக்குள் போய் விறகை மூடுகிற பச்சைத் தறப்பாளை இழுத்து வந்தார். இதை எப்போதும் இரண்டு பேராகத்தான் செய்வார்கள், அவர் ஒரு முனை, அவள் ஒரு முனை, காற்று நடுவில் புகுந்து ஊதிப் பெருக்கும். அவள் வழமைபோலத் தன் முனையைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"நீர் தனியச் செய்து பாரும். நான் காட்டுறன்."

ஒரு கல்லை முனையில் வைத்துச் சுற்றி முடிந்தார். அதை அடுக்கின் மேலால் அந்தப் பக்கம் எறிந்தார், கல்லின் பாரத்தில் தறப்பாள் தன்பாட்டில் விரிந்து போய் விழுந்தது. பிறகு இந்தப் பக்கத்துத் துளையில் கயிற்றைக் கோத்து, கீழ்க் கட்டையைச் சுற்றி எடுத்து, ஒரு சுருக்குப் போட்டு இழுத்தார். "இவ்வளவுதான். காத்தடிச்சா இன்னும் இறுகும். அவிழ்க்க இந்தத் தலைப்பை மட்டும் இழுத்தாக் காணும்." இழுத்துக் காட்டினார். அவிழ்ந்தது. கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

மழை அவருடைய நரைத்த தலையில் விழுந்தது, துடைக்கவில்லை. அவள் கயிற்றைக் கோத்தாள். கட்டையைச் சுற்றினாள். சுருக்கைப் போட்டு இழுத்தாள். அது பிடித்தது. முதல் தரமே சரியாகப் பிடித்தது. அவரும் பார்த்தார், சரி என்று சொல்ல வாயெடுத்தார். அவள் குனிந்து அந்தத் தலைப்பை இழுத்து அவிழ்த்துவிட்டாள்.

"பிடிபடேல்ல" என்றாள். "இன்னொருக்காக் காட்டுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார். கிட்ட வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கயிற்றைக் கையில் எடுத்து, முதலிலிருந்து தொடங்கினார்.